பால் பல்லுக்கு லீவு

கிராம்புத் தைல வாசனை. ஆம்பூர் பேருந்தில் யாரோ கைக்குட்டையில் நனைத்து வைத்திருக்கிறார்கள். ஜன்னல் வழியே வரும் தோல் தொழிற்சாலை வாடையையும் முந்திக்கொண்டு மூக்கில் ஏறுகிறது. உடனே, கண் முன்னால் என் தங்கை மகளின் வீங்கிய கன்னம்.

தங்கைக்கு ஷூ கம்பெனியில் தையல் வேலை. கம்பெனி வேன் தெருமுனையில் ஹாரன் அடிக்கும்போது விடிந்திருக்காது. குழந்தை விழித்தால் காலைக் கட்டிக்கொள்வாள், வேன் நிற்காது. அதனால் சர்க்கரை போட்ட பால் புட்டியைத் தூங்குகிற வாயில் வைத்துவிட்டு ஓடுவாள். அந்தத் தெருவில் வேனுக்கு ஓடுகிற தாய்மார் எல்லாருக்கும் இதே வழக்கம்தான். எந்த வீட்டுக் குழந்தை சிரித்தாலும் முன்பல் கறுப்பு.

ஐந்து வயதில் தங்கை மகளுக்குக் கடைவாய்ப் பல் வலித்தது. நான் வாலாஜாவில் இருந்தேன். எல்லாம் போனில்தான் தெரிந்தது. தங்கை சூப்பர்வைசரிடம் லீவு கேட்டிருக்கிறாள். "பால் பல்லுக்கா லீவு? தானா விழும், தானா முளைக்கும். போய் மெஷின்ல உக்காரும்மா" என்றாராம். பக்கத்து மெஷின்களெல்லாம் சிரித்தனவாம். இவளும் சிரித்தாளாம்.

தைலம் தொட்ட பஞ்சைப் பல்லில் வைத்தாள். சில நாளில் வலி நின்றது. குழந்தை முறுக்குக் கடித்தாள். கேட்டு நானும் நிம்மதியானேன். வலிப்பதற்கு அந்தப் பல்லுக்குள் உயிர் மிச்சமில்லை என்பது எங்களில் யாருக்குத் தெரியும்? பிறகு கன்னம் வீங்கியது, காய்ச்சல் கொதித்தது. காய்ச்சலுக்கு லீவு உண்டு. அரை நாள்.

ஆஸ்பத்திரிக்கு நானும் போயிருந்தேன். பல்லைப் பிடுங்கிய டாக்டரம்மா தங்கையைத்தான் திட்டினார். முதல் பல் முளைத்தபோதே கொண்டுவந்து காட்டியிருக்க வேண்டுமாம். அந்த இடத்தில் புதுப் பல் வர இன்னும் பல வருஷம் ஆகும். அதுவரை பக்கத்துப் பல் சாய்ந்து வழியை அடைக்காமல் இருக்கக் கம்பி போட வேண்டும், அடிக்கடி வந்து காட்ட வேண்டும் என்றார். தங்கை தலையை ஆட்டினாள். இருக்கிற பல்லுக்கே கிடைக்காத லீவை இனி இல்லாத பல்லுக்கு அவள் கேட்க வேண்டும்.

அரை நாள் முடிவதற்குள் கம்பெனி கேட்டில் ஆட்டோ நின்றது. என் மடியிலிருந்த குழந்தை, இறங்கிய தங்கையின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்ல வாயெடுத்தாள். உதட்டோரம் ரத்தம் கசிந்தது. தங்கை அதைக் கட்டைவிரலால் துடைத்தாள், பிடித்திருந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள்.

"பஞ்சக் கடிச்சிக்கினே இரு. வாயத் தொறக்காத."