அணை என்று எழுதிய பொத்தான்

எங்கள் பள்ளியில் கணினி அறைக்குப் பொறுப்பாக இருந்த சாரை எனக்கு முதல் வாரத்திலிருந்தே பிடிக்காது. அவருக்கும் என்னைப் பிடிக்காது. கேரள எல்லைக்குள், குன்னத்துகால் பக்கத்துப் பள்ளி அது; தமிழ்ப் பிரிவுக்கு நான் கணக்கு டீச்சர். அவர் காரக்கோணத்துக்காரர், வீட்டில் தமிழ் பேசுகிறவர். ஸ்டாஃப் ரூமுக்குள் கால் வைத்தால் மட்டும் மலையாளம். வெளியே நான் தமிழில் கேட்டாலும் பதில் மலையாளம் கலந்துதான் வரும்.

சண்டை தொடங்கியது ஒரு செய்முறைத் தேர்வில். கணினித் திரையில் எல்லாம் மலையாளத்திலோ ஆங்கிலத்திலோ இருக்கும். என் வகுப்பு மாணவி ஒருத்தி எதை அழுத்துவது என்று தெரியாமல் அழுதுகொண்டு எழுந்துவிட்டாள். அவர் எல்லாப் பிள்ளைகளும் கேட்கச் சொன்னார்: "மலையாளம் வாசிக்கத் தெரியாதவளுக்கு கம்ப்யூட்டர் எதுக்கு?"

நான் உள்ளே போனேன். "அவளுக்கு தமிழ்ல குடுத்தா செய்வா சாரே."

"அப்போ நீங்களே உண்டாக்குங்கோ டீச்சரே. இது ஃப்ரீ சாஃப்ட்வேராக்கும். யாரு வேணும்னாலும் மாத்தலாம்."

கேலியாகச் சொன்னார். நான் வீட்டுக்கு வந்து அது உண்மையா என்று பார்த்தேன். உண்மைதான். அந்தக் கணினிகளில் ஓடிய லினக்ஸ் எப்படிப் பிறந்தது என்பதையும் அன்றுதான் வாசித்தேன். எங்கோ குளிர்நாட்டில் ஒரு மாணவர் பொழுதுபோக்காக ஓர் இயங்குதளம் எழுதத் தொடங்கி, அதை இணையக் குழு ஒன்றில் சொல்லியிருக்கிறார். முகம் தெரியாதவர்கள் குறை சொன்னார்கள். சொன்னவர்களே திருத்தியும் கொடுத்தார்கள். அப்படி வளர்ந்தது. இதன் உரிமத்தின்படி யாரும் எடுக்கலாம், மாற்றலாம், மாற்றியதைப் பிறருக்குக் கொடுக்கலாம். உழைத்தவர்களின் பெயரை அழிக்கத்தான் கூடாது. அந்த மாணவர் ஆசையில் தொடங்கினார். நான் கோபத்தில் தொடங்கினேன்.

கோடை விடுமுறையின் முதல் மாதம் முழுக்கத் திரையில் வரும் வாசகங்களைத் தமிழாக்கினேன். சொற்கள் சேர்ந்துவிட்டன, ஆனால் அவற்றை அமைப்புக்குள் ஏற்றி, மற்றக் கணினிகளில் நிறுவும் சி.டி. தட்டாக ஆக்க எனக்குத் தெரியவில்லை. தெரிந்தவர் அவர் ஒருவர்தான். பல்லைக் கடித்துக்கொண்டு போய்க் கேட்டேன்.

"சொல்லு எழுதுறது உங்க ஜோலி. மற்றது நான் நோக்காம், பாத்துக்கிடலாம்" என்றார்.

ஒரே மேசையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்து மூன்று வாரம் வேலை செய்தோம். அவர் பக்கத்து ஃபேன் மட்டும் சுற்றும். என் பக்கத்து சுவிட்ச் கெட்டுவிட்டது என்பார். அவர் இல்லாத நேரத்தில் போட்டுப் பார்த்தேன், சுற்றியது. கணினியை நிறுத்தும் பொத்தானுக்கு நான் 'அணை' என்று எழுதினேன். விளக்கை அணை என்று சொல்லுகிற பிள்ளைகளுக்குப் புரியும் சொல்.

"அணைன்னா என்னது, நெய்யாறு டேமா?" என்று சிரித்து, 'ஷட் டவுண்' என்று மாற்றினார். மறுநாள் நான் திருப்பினேன். அதற்கு மறுநாள் அவர்.

பள்ளி திறந்தபின் நெய்யாற்றின்கரையில் வெளியீட்டு விழா. என்னை மேடைக்குக் கூப்பிடவில்லை. மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். பெரிய திரையில் உருவாக்கியவர் என்று அவர் பெயர் வந்தது. அதற்குக் கீழே, சின்ன எழுத்தில், 'உதவி: தமிழ்ப் பிரிவு'. என் காது சூடாகி, அதன்பின் யார் என்ன பேசினார்கள் என்று கேட்கவில்லை.

விழா முடிந்ததும் வராந்தாவில் வழிமறித்தேன்.

"என் பேரு எங்க சாரே?"

"சிஸ்டம் உண்டாக்குனது நானாக்கும். நீங்க சொல்லுதானே எழுதினீங்க? அகராதி எழுதினவனா வீடு கட்டுனது?"

"பேரை வெட்ட உரிமத்துல இடமில்ல."

"அப்படியெங்கில் கேஸ் குடுங்கோ."

வழக்குப் போடவில்லை. அதைவிட மோசமானதைச் செய்தேன். அவர் வெளியிட்டதை அப்படியே எடுத்தேன்; எடுக்க எனக்கு உரிமை உண்டு. தட்டு ஆக்கும் வேலையை இணையத்தில் யார் யாரிடமோ கேட்டுத் திணறிக் கற்றேன். ஓண விடுமுறைக்குள் என் பதிப்பை வெளியிட்டேன். முதல் திரையில் என் பெயர். அவர் பெயரை அழிக்கவில்லை, சட்டப்படி வைத்தேன்: ஒருவரும் திறக்காத ஒரு கோப்பின் கடைசி வரியில். சின்னத்தனம் என்று தெரிந்துதான் செய்தேன். செய்தபின் நன்றாகத் தூங்கினேன்.

ஸ்கூட்டரில் போய் எல்லைப் பக்கத்துத் தமிழ்ப் பிரிவுகளுக்கு அதைக் கொடுத்தேன். நான் போகும் முன்பே அவர் ஃபோன் பண்ணியிருப்பார். "டீச்சர் தாறதுல வைரஸ் உண்டு, சூட்சிக்கணும்" என்று எச்சரித்ததாக ஒரு தலைமையாசிரியையே என்னிடம் சொன்னார். நான் தமிழ் மென்பொருள்காரர்களின் இணையக் குழுவில், எந்த வரியை யார் எழுதினார்கள் என்று எல்லாவற்றையும் போட்டு அவரைக் கிழித்தேன். இரண்டையும் ஒன்றாக்குங்கள், பிள்ளைகளுக்கு நல்லது என்று வெளியூர்த் தமிழர்கள் எழுதினார்கள். அவர் பதிலே போடவில்லை. முடியாது என்று நான் ஒரே வரி எழுதினேன்.

அடுத்த தேர்வுக்கு வேறு பள்ளியிலிருந்து பிள்ளைகள் எங்கள் அறைக்கு வந்தார்கள். பாதிக் கணினிகளில் அவர் பதிப்பு, பாதியில் என்னுடையது. ஒரு மாணவி கை தூக்கினாள்.

"டீச்சரே, எங்க ஸ்கூல்ல இதுக்கு வேற பேராக்கும். எதை அமுக்கணும்?"

முன்பு அழுதவளின் அதே முகம் அவளுக்கும். அவரும் கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "இதுதான் மக்கா" என்று காட்டிக்கொடுத்தேன். அன்று மாலையே ஒன்றாக்கச் சம்மதம் என்று எழுத உட்கார்ந்தேன். அவர் பெயரைத் தட்டியதும் விழாத் திரையில் வந்த 'உதவி: தமிழ்ப் பிரிவு' ஞாபகம் வந்தது. எழுதியதை அழித்தேன்.

இரண்டு வருடத்தில் புதுக் கணினிகள் வந்தன. அவற்றில் தமிழ் ஏற்கெனவே இருந்தது. எங்கோ யாரோ செய்தது, எங்கள் இருவர் வேலையையும்விடச் சுத்தமாக. பழையவற்றை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தபோது அவர் என் பக்கம் வந்து நின்றார். அவர் என்னிடம் மலையாளம் கலக்காமல் பேசி நான் கேட்டது மிகச் சில தடவைதான்.

"ரெண்டு பேருக்கதும் போச்சு, டீச்சரே."

"உங்களுக்கது முதல்ல போச்சு" என்று சொல்லிவிட்டு, ஒன்பதாம் வகுப்புக்குப் போனேன்.