பொட்டாசியம் குறைந்த இடம்

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை சுங்குவார்சத்திரத்து ரத்தப் பரிசோதனை லேபில் நான் மட்டும்தான். எனக்கே மூன்று நாளாக விட்டு விட்டுக் குளிர்காய்ச்சல். விரலைக் குத்தி, ஸ்லைடில் தடவி, சாயம் போட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். சிவப்பணுக்களுக்குள் மோதிரம் மோதிரமாக மலேரியா. ஊரார் ரத்தத்தை எல்லாம் கூசாமல் பார்த்தவளுக்குச் சொந்த ரத்தத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

எதிர் கிளினிக் டாக்டருக்குப் போன் செய்தேன். வாந்தியும் இருந்ததால் சோடியம், பொட்டாசியமும் பார்க்கச் சொன்னார். ரப்பர் பட்டையைப் பல்லால் இழுத்துக் கட்டி, நடுங்கும் வலது கையால் ஊசியை ஏற்றி, வராத ரத்தத்தை வெடுக்கென்று உறிஞ்சினேன். மெஷினில் சுழற்றி எடுத்தால் மேலே நின்ற சீரம் என்னும் நீர் மஞ்சளாக இல்லாமல் ரோஸ் நிறம். பொட்டாசியம் ஏகத்துக்கு ஏறியிருந்தது. நோய் இல்லை, என் அவசரம்தான், சிவப்பணுக்களை உடைத்துவிட்டேன். பொட்டாசியம் குடியிருப்பது அணுவுக்குள், வெளியே கொஞ்சம்தான். இதே தப்புக்குப் பயிற்சிக்கு வரும் பெண்களை வறுத்தெடுத்திருக்கிறேன்.

மலேரியாக் கிருமிக்கும் இந்த வித்தியாசம்தான் தகவல் என்று படித்திருக்கிறேன். ஒற்றைச் செல் உயிர், கண்ணும் கிடையாது, காதும் கிடையாது. இருந்த அணுவை உடைத்து வெளியே விழுந்ததும் சுற்றிலும் பொட்டாசியம் குறைந்ததை உணர்கிறது. உடனே அதற்குள் கால்சியம் கூடி, அடுத்த அணுவில் ஒட்டி நுழையத் தயாராகிவிடுகிறது. வெளியில் அதற்குச் சில நிமிட ஆயுள்தான்.

"வேற சாம்பிள் எடும்மா. அட்மிட் பண்ணணும், ஒண்டியா வராத. யாரையாச்சும் கூட்டினு வா," என்றார் டாக்டர், நான் மறுபடி போனில் சொன்னதும்.

"எங்க அக்கா வாராங்க சார்," என்று புளுகினேன். எனக்கு அக்காவே கிடையாது.

போனை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தேன். இருங்காட்டுக்கோட்டையில் ரூம் எடுத்து இரண்டு வருஷம். கூப்பிட ஓர் ஆள் இல்லை. அழுதேன். 'பக்கத்து ரூம் மோட்டார்' என்று ஒரு நம்பர் இருந்தது. கார் கம்பெனி லைனில் நிற்பவள், என்னைவிடச் சின்னவள். தண்ணீர் மோட்டாரைப் போட, நிறுத்த மட்டும் பேசிக்கொள்வோம்.

"இன்னா, டாங்க் ரொம்பிடுச்சா?" நைட் ஷிப்ட் முடித்துத் தூங்கிய குரல்.

"இல்ல. லேப்ல இருக்கேன், காய்ச்சல். ஊசி போடையில கையப் பிடிச்சுக்க ஒரு ஆள் வேணும்."

தலைகூட வாராமல் வந்து நின்றாள். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு என் கையை அசையாமல் பிடித்தாள். மெதுவாக இழுத்தேன். சுழற்றி எடுத்தால் இந்த முறை சீரம் தெளிந்த மஞ்சள்.

"பக்கத்து ரூம்லதான கீறேன். மூணு நாளா கதவ தட்றதுக்கு இன்னா உனுக்கு?" என்றாள்.

கிளினிக்கில் படிவம் நிரப்பிய டாக்டர் அவளைப் பார்த்தார். "நீதான் அக்காவா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"ஆமா சார்," என்றாள் அவள்.