நகர்ந்தது எந்தக் கருவி

யோகப்பிரியா கோபாலபுரத்துத் தென்னை விவசாயி கருப்புசாமியின் மகள். சித்தூர் காலேஜில் பிஸிக்ஸ் படித்துவிட்டு, பாலக்காட்டுப் பக்கம் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறாள். ஹீலியத்தால் உறையக் குளிரவைத்த சஃபையர் படிகத்துக்குள் நுண்ணலையைத் துடிக்கவிட்டு, அந்தத் துடிப்பின் வேகம் கொஞ்சமும் நகர்ந்து மாறிவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் வேலை. சில நொடிகளுக்கு அது அசையாது. மாதக்கணக்கில் அப்படியே நிற்குமா என்பதுதான் கேள்வி.

அங்கே அப்படி இரண்டு கருவிகள். ஒன்று அவள் கட்டியது, இன்னொன்று உடன் வேலை செய்யும் பூபதிராஜாவுடையது. இரண்டின் துடிப்புக்கும் இடையே வித்தியாசம் வாரத்துக்கு வாரம் கூடிக்கொண்டே போனது.

"உங்களுதுதான் நகருதுங்க" என்றாள் அவள்.

"எப்படிங்க சொல்றீங்க? ரெண்டை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாதே" என்றார் பூபதிராஜா.

அது சரிதான். மூன்றாவது ஒன்று வேண்டும் என்று ஆய்வுக்கூடத் தலைவி நர்மதாவிடம் கேட்டு அனுமதி வாங்கினாள். கட்டி முடிக்கவே ஒரு வருடத்துக்கு மேலானது. அதுவரை தன் கருவியை ஒரு நாள்கூட நிறுத்தவிடவில்லை. பொள்ளாச்சியில் நடந்த பெரியப்பா மகள் கல்யாணத்துக்கும் போகவில்லை. அன்றைக்கு அதன் ஹீலியத்தைக் குளிர்விக்கும் கம்ப்ரெஸர் சரியில்லை.

மூன்றாவது கருவி குளிர்ந்து நிலைத்ததும் அது பூபதிராஜாவின் கருவியோடு ஒத்துப்போனது.

"இன்னும் கொஞ்ச நாள் பாக்கலாமுங்க" என்றார் பூபதிராஜா.

பார்த்தார்கள். அதே முடிவுதான்.

அன்று வீட்டில் சாப்பாட்டில் கைவைக்காமல் உட்கார்ந்திருந்தவளிடம், "என்ன கண்ணு ஆச்சு?" என்றார் கருப்புசாமி.

"என்ற கருவிதானுங்கப்பா தப்பு."

"கெட்டுப்போச்சா?"

"இல்லீங்க. மெல்ல நகருது. கடிகாரமா ஓட்டுனா பத்து லட்சம் வருசத்துல ஒரு நொடி பிசகும்."

"அதுக்கா சோறு திங்காம உக்காந்திருக்கறே?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சாப்பிட்டாள்.

மறுநாள் தன் கருவியின் கம்ப்ரெஸரைத் தானே நிறுத்தினாள். பழகிப்போன இரைச்சல் நின்றதும் அழுகை முட்டியது. வெளியே போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். கருவி சூடேறிய பிறகு திறந்து பார்த்தார்கள். படிகத்தைப் பிடித்திருந்த திருகின் இறுக்கம் தளர்ந்திருந்தது. அந்தப் பிடியை வடிவமைத்தவள் அவள்தான். பூபதிராஜா விளக்குப் பிடிக்க, திருகைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் ஸ்பிரிங் வைத்துப் புதுப் பிடி போட்டாள்.

இப்போது மூன்றும் ஏறக்குறைய ஒன்றாகத்தான் போகின்றன. அவளுடையதில் மட்டும் சிறு நகர்வு இன்னும் மிச்சமிருக்கிறது. காரணம் தெரியவில்லை. போன வாரம் முதல், கம்ப்ரெஸரிலிருந்து வரும் சுவரோரக் குழாயின் அதிர்வு மேல் அவளுக்குச் சந்தேகம் வந்திருக்கிறது.