பாறை என்று எழுதிய கொல்லை

எங்கள் நீர்வடிப்பகுதித் திட்டத்தைப் புதுப்பிக்கச் சொல்லி ஆபீஸிலிருந்து தாள் வந்தபோது எனக்கு உள்ளூரச் சந்தோஷம். ஜவ்வாது மலையின் இந்த ஓடைக்கு எங்கெங்கிருந்து மழைத்தண்ணீர் வருகிறது, வழியில் எங்கே வரப்பு, எங்கே தடுப்பணை, எதற்கு எவ்வளவு பணம் என்று பழைய திட்டத்தை எழுதியவனே நான்தான். நான் எழுதியதை நானே திருத்தினால் யார் கேட்பது?

வரவுசெலவையும் மனத்துக்குள் முடித்துவிட்டேன். ரோட்டோரத் தடுப்பணையில் மண் மூடிவிட்டது; பாதிப் பணம் அதைத் தூர்வார. மீதியில் அதற்குக் கீழே இன்னொரு தடுப்பணை. ரோட்டோர அணையில் ஒரு வசதி, அதிகாரிகள் ஜீப்பை விட்டு இறங்காமலே பார்க்கலாம். போட்டோவுக்கு நிற்கும்போது என் தொப்பையை மறைக்கவும் அதன் சுவர் சரியான உயரம்.

ஊரில் திட்டத்தை நடத்தும் குழுவின் கூட்டத்தில் இதைச் சொன்னதும் தலைவர் தலையாட்டினார். மேலே சரிவில் தன் மானாவாரிக் கொல்லையில் சாமை விதைக்கும் அக்கா ஒருவர் கையைத் தூக்கினார்.

"அணையில வார்ற மண்ண எங்க கொட்டுவீங்க சார்?"

"எங்கயாச்சும் கொட்டலாங்க்கா. இன்னாத்துக்கு?"

"அது என் மண்ணு. என் கொல்லையிலேர்ந்து போனது. மேல கொண்டாந்து கொட்டிட்டுப் போங்க."

கூட்டம் சிரித்தது. எல்லாரையும் விட நான் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தேன்.

"வந்து பாத்துட்டு சிரிங்க" என்றார் அக்கா.

மறுநாள் காலை ஏறினோம். அக்கா முன்னால், பழைய திட்டத்தைக் கையில் பிடித்தபடி நான் பின்னால். பாதி வழியில் ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு, ஆராய்ச்சி செய்பவனைப் போல நின்றேன்.

"இன்னா சார், நின்னுட்டீங்க?"

"மரத்தப் பாக்குறேங்க்கா."

"புளிய மரம் சார். உங்க ஊர்லயும் இருக்கும். வாங்க."

கொல்லையின் மேல்பாதி வெறும் பாறை. கீழ்ப்பாதியில் ஒரு சாண் மண். நடுவே மழை அறுத்துக்கொண்டு போன பள்ளத்தில் ஆள் இறங்கி நிற்கலாம்.

"நான் கண்ணாலம் கட்டி வந்தப்ப இது முழுக்க சாமை. இன்னும் ரெண்டு மழ அடிச்சா மீதியும் ரோட்டுக்குப் போய்டும். அப்பால நான் அணையிலதான் ஏர் ஓட்டணும். போன தபாவே கல்லு வரப்பு கேட்டோம். எவனோ பாறைன்னு எழுதி வெச்சிட்டானாம், கெடைக்கல."

"எந்த மடையன் அவன்?" என்றேன். குரலில் நல்ல கோபம் வந்தது.

"ஏறி வந்து பாத்திருந்தா அப்படி எழுதியிருப்பானா?"

"சோம்பேறிப் பய!"

"அதான் சார்."

கையிலிருந்த திட்டத்தை மெதுவாக முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனேன். பழைய திட்டத்தை எழுதிய அன்று நல்ல கோடை. அறுவடை முடிந்த கொல்லை வெயிலில் வெளுத்துக் கிடந்தது. நான் கீழே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, வடையைக் கடித்தபடி அண்ணாந்து பார்த்து, 'பாறை. வேலை தேவையில்லை' என்று எழுதினேன். பக்கத்தில் காவலூர் வானாய்வகத்தில் எத்தனையோ கோடி மைல் தள்ளியிருக்கும் நட்சத்திரத்தைப் பார்த்துச் சரியாக எழுதுகிறார்கள். எனக்குத் தலைக்கு மேலிருந்த கொல்லை தெரியவில்லை. அதன் பிறகு வருஷாவருஷம் மழை வந்து, நான் எழுதிய பொய்யைக் கொஞ்சம் கொஞ்சமாக உண்மையாக்கிக்கொண்டிருந்தது.

இறங்கி வந்ததும் வரவுசெலவை மாற்றினேன். புது அணை போயிற்று. தூர்வாருவது கடைசிக்குப் போனது. மேலே மண் நிற்காமல் கீழே வாரி என்ன பயன்? முதல் பணம் அக்காவின் கொல்லைக்கு. ஆனால் மறுபடி கூடிய குழுவின் முன் நான் நிரப்பிய படிவத்தில் 'மாற்றத்துக்கான காரணம்' என்று ஒரு கட்டம் இருந்தது.

"பருவநிலை மாற்றம்னு போடுங்க சார், யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க" என்றார் தலைவர்.

அருமையான யோசனை. பேனாவைக்கூடத் திறந்துவிட்டேன். ஆனால் பழைய பதிவில் பாறை அப்படியே இருந்தால், பாறைக்கு எதற்கு வரப்பு என்று ஆபீஸில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். எதிரே அக்கா என் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார். 'முந்தைய பதிவு தவறு. பதிவு செய்தவர் மேலே ஏறிப் பார்க்கவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

தலைவர் இரண்டு திட்டங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தார். "சார், ரெண்டுலயும் ஒரே கையெழுத்தா இருக்குதே!"

"மடையன்னு நீங்கதான் சொன்னீங்க, நான் சொல்லல" என்றார் அக்கா. இந்த முறை கூட்டம் சிரித்தபோது நான் அதிகமாகச் சிரிக்கவில்லை. அக்காவும் சிரிக்காமல் கேட்டார். "பணம் மழைக்கு முன்னாடி வருமா, பின்னாடி வருமா?"

"ஆபீஸ்ல ஒப்புதல் ஆகணுங்க்கா…"

"அப்படின்னா பின்னாடிதான். கல்லு அங்கயேதான் கெடக்குது. பள்ளத்த மட்டுமாவது நாங்க அடைச்சிக்கிறோம். நாளைக்கு வர்றீங்களா?"

"வர்றேங்க்கா."

போனேன். இருந்ததிலேயே சின்னக் கல்லாகத் தேடி எடுத்துப் பள்ளத்தில் வைத்தேன். அக்கா அதை எடுத்து ஓரமாகப் போட்டார்.

"இது மொத மழைக்கே ரோட்டுக்கு வந்துடும் சார். அந்தாண்ட இருக்குது பாருங்க, அத்தப் பொரட்டுங்க."

அது என் இடுப்பு உயரம் இருந்தது.