அவர்கள் வெட்டிய பூ வைக்கும் காட்சி

எங்கள் காலத்துக் காதல் நகைச்சுவைப் படம் ஒன்று திரும்ப வருகிறது என்று மதுரை முழுக்கப் போஸ்டர் ஒட்டியிருந்தார்கள். பார்த்ததுமே என் மகளிடம், "கெளம்பு, போவோம்" என்றேன். பழைய ஆசை ஒரு பக்கம் இருக்கட்டும், எனக்கு அதில் வேறொரு காரியம் இருந்தது.

என் நாத்தனார் வெள்ளிக்கிழமை சோழவந்தானிலிருந்து பூ வைக்க வருவதாகச் சொல்லியிருந்தார். தன் மகனுக்கு என் மகளைக் கேட்டு. தலையில் பூ ஏறிவிட்டால் பேச்சு முடிந்தது, பிறகு பின்வாங்க முடியாது. என் வீட்டுக்காரர் அக்கா சொன்னதற்குத் தலையாட்டிவிட்டார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. மகளுக்குத் துளியும் விருப்பமில்லை, ஆனால், "அத்தை மனசு நோகுமேம்மா" என்று எல்லாவற்றையும் முழுங்கிக்கொண்டு திரிந்தாள்.

அந்தப் படத்திலும் இதே கூத்து வரும். பூ வைக்க வரும் அத்தையின் கையைப் பிடித்து, அந்தப் பூவை அத்தையின் கொண்டையிலேயே வைத்துவிட்டு, "உங்களுக்குத்தான் எடுப்பா இருக்கு" என்று சிரிப்பாள் கதாநாயகி. மேலூர் தியேட்டரில் நான் பார்த்தபோது பெண்கள் பக்கம் முழுக்க எழுந்து நின்று கைதட்டினோம். அப்போது எனக்கு என் தாய்மாமனைப் பேசியிருந்தார்கள். அந்தச் சிரிப்பு கொடுத்த தைரியத்தில்தான் மாட்டேன் என்று வீட்டில் வாயைத் திறந்தேன். என் மகளும் அதைப் பார்க்கட்டும் என்று நினைத்தேன்.

தியேட்டரில் பாட்டு வந்தபோதெல்லாம் பயல்கள் திரைக்கு முன்னால் ஓடி ஆடினார்கள். ஆடிவிட்டுப் போகட்டும். நான் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, "இந்தா வருது, பாரு" என்றேன். அத்தை தாம்பாளத்தோடு வாசலுக்கு வந்தாள். அடுத்த நொடி வெளிநாட்டில் டூயட்!

இடைவேளையில் மேனேஜரைப் பிடித்தேன்.

"நீளமா இருக்குன்னு படக் கம்பெனிக்காரய்ங்களே வெட்டித்தான் அனுப்பிருக்காய்ங்கக்கா. அது இழுவை சீன்."

"எது இழுவை? அம்புட்டுப் பொம்பளைகளும் எந்திரிச்சு கைதட்டுன சீன் தம்பி அது! ஹீரோ நடந்து வாரத சும்மா சும்மா காட்டுறீங்களே, அது இழுவையில்லையா?"

அவர் பாப்கார்ன் கடைப் பக்கம் நழுவிவிட்டார். பழைய நினைவு என்று சொல்லி நம்மைக் கூப்பிட்டு, நாம் எதை நினைத்து வந்தோமோ அதையே எடுத்துவிடுகிறார்கள். என்ன அநியாயம்! வீடு வரும்வரை பஸ்ஸில் அந்தக் காட்சியை மகளுக்கு நடித்துக் காட்டினேன், நடுநடுவே வெட்டியவர்களைத் திட்டினேன். அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி வந்தாள்.

வெள்ளிக்கிழமை நாத்தனார் மல்லிகைச் சரத்தோடு வந்தார். வீடு நிறையச் சொந்தக்காரர்கள். மகள் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள். பூ தலைக்குப் பக்கத்தில் வந்தபோது அவள் கை எழுந்தது. சரத்தை வாங்கி அத்தையின் கொண்டையில் சுற்றினாள். கதாநாயகி மாதிரி அவளுக்குச் சிரிக்க வரவில்லை.

"உங்களுக்குத்தான் எடுப்பா இருக்கு அத்தை. எனக்கு வேணாம்."

நாத்தனார் என் பக்கம் திரும்பினார். "படத்துக்குக் கூட்டிட்டுப் போனியாம்ல? அதப் பாத்துத்தான இவ கெட்டா?"

"நீங்களே போயிப் பாருங்க மதினி, இது அதுல இல்லவே இல்ல" என்றேன். "இதத்தான் வெட்டிட்டாய்ங்களே!"