சத்தம் நின்ற வெள்ளிக்கிழமை

1968இல் மேற்குத் தாம்பரத்தில் டிஸ்க் பிரேக் தெரிந்த மெக்கானிக் அப்துல் கஃபார் ஒருவர்தான். மவுண்ட் ரோட்டில் வெளிநாட்டுக் கார்களைப் பழுதுபார்த்த கம்பெனியில் எட்டு வருஷம் இருந்துவிட்டு வந்தவர். முடிச்சூர் ரோட்டில் சின்னப்பனோடு கூட்டாக ஒர்க்‌ஷாப் வைத்திருந்தார். இருவரும் ஒரே டிபன் கேரியரில் சாப்பிட்டவர்கள்.

ஒரு வியாழக்கிழமை, ஊரில் செல்வாக்குள்ள தேவானந்தம் தன் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரைக் கொண்டுவந்தார். பிரேக்கை மிதித்தால் தெருவே திரும்பிப் பார்க்கும்படி கிறீச்சிட்டது. கஃபார் முன்சக்கரங்களைக் கழற்றிப் பார்த்தார்.

“சக்கரத்தோட சுத்துற டிஸ்க்கை ரெண்டு பக்கமும் பிரேக் பேடு கவ்விப் பிடிக்குது சார். அப்போ அது நடுங்குது. அந்த நடுக்கம்தான் சத்தம். பேடு முதுகுல மெல்லிசா ஒரு தகடு இருக்கணும், யாரோ கழட்டிப் போட்டுட்டாங்க. தகடு வெட்டி வெச்சு, பேடு ஓரத்தை அரத்தால ராவிட்டா சரியாயிடும். சனிக்கிழமை வாங்க.”

மறுநாள் மதியம் கஃபார் தொழுகைக்குப் போய்த் திரும்பியபோது கார் இல்லை.

“அவசரம்னு எடுத்துகினு பூட்டாரு. சத்தம் தானா நின்னுபோச்சு பாய்,” என்றான் சின்னப்பன்.

தானாக நிற்கிற சத்தமில்லை அது. கஃபார் சைக்கிளில் தேவானந்தத்தின் வீட்டுக்கு விரைந்தார். வீடு பூட்டியிருந்தது.

அதற்குள் வண்டலூர் அருகே மாட்டுவண்டி ஒன்று குறுக்கே வர, பிரேக் பிடிக்காமல் கார் புளியமரத்தில் மோதியது. தேவானந்தத்துக்குச் சிராய்ப்பு. கூட வந்த தங்கை ஹில்டாவுக்குத் தோள் எலும்பு முறிந்தது. மாலையில் காரை ஒர்க்‌ஷாப்புக்கு இழுத்துவந்து சக்கரத்தைக் கழற்றினார்கள். டிஸ்க்கின் முகம் முழுக்கக் கிரீஸ்; பேடு பிடிக்காமல் வழுக்கியிருந்தது.

“யார் செஞ்ச வேலை இது?” என்றார் தேவானந்தம்.

“காலைல பாய்தான் சார் இன்னாமோ பண்ணிகினு இருந்தாரு. நான் கையே வெக்கல,” என்றான் சின்னப்பன், கஃபாரைப் பார்க்காமல்.

தொட்டவன் யாரென்று கஃபாருக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது. பன்னிரண்டு வருஷம் பழகியவன் தன் பெயரைச் சொன்னதைத்தான் நம்ப முடியவில்லை. பிறகு அவர் சொன்னது எதையும் தேவானந்தம் கேட்கவில்லை; அவர் பேரில் போலீஸில் புகாரும் கொடுத்தார். ஒரு மாதத்துக்குள் தாம்பரத்தில் எல்லோரும் அவரிடம் பிரேக் வேலை கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள்.

கையைக் கழுத்தில் கட்டிய துணியில் தொங்கவிட்டபடி ஹில்டா ஒருநாள் அவர் வீட்டுக்கே வந்தாள். மனைவி ஜஹீரா நாற்காலி போட்டாள்.

“அண்ணன் காரை எடுக்க வந்தப்போ நானும் ஒர்க்‌ஷாப்புலதான் நின்னேன் பாய். சின்னப்பன் விரலால கிரீஸ் தடவினதைப் பார்த்தேன், அது பிரேக்கையே கெடுக்கும்னு அப்போ தெரியல. எப்படியாவது சத்தத்தை நிறுத்துன்னு கேட்டதே எங்க அண்ணன்தான். வெளிய சொல்லாதேங்கறார்.”

“அப்போ சாருக்கும் தெரியும்,” என்றார் கஃபார். அன்று அவர் சாப்பிடவில்லை.

மறுநாள் ஒர்க்‌ஷாப்பில் தன் ஸ்பேனர்களை மட்டும் பெட்டியில் போட்டார்.

“பெரிய இடம் பாய். நான் இன்னா பண்ணுவேன்?” என்றான் சின்னப்பன்.

“அவர் கேட்டார், நீ தடவினே. அது பயம். என் பேரை ஏன்டா சொன்னே?”

கஃபார் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியேறினார். பிறகு குரோம்பேட்டையில் தனியாக ஷெட் போட்டார். ஹில்டா போலீஸில் எழுதிக்கொடுத்ததில் அவர் பேரில் இருந்த புகார் நீங்கியது. தேவானந்தம் அதற்குப் பிறகு தங்கையோடு பேசவில்லை. கஃபார் ஷெட்டில் லாரிகளும் வந்தன, கார்களும் வந்தன. கூட்டு மட்டும் அவர் யாரோடும் வைத்துக்கொள்ளவில்லை.