வரேன் என்றால் வரணும்

எங்கள் வீட்டில் ‘போறேன்’ என்று யாரும் சொல்லக் கூடாது. கடைக்குக் கிளம்பினாலும் கல்யாணத்துக்குக் கிளம்பினாலும் ‘வரேன்’ என்றுதான் சொல்ல வேண்டும். ‘போறேன்’ என்று சொல்லிவிட்டுப் போனால் போனதுதான், போனவர் திரும்பி வரமாட்டார் என்று என் அம்மா என் தலையில் ஏற்றியது. தமிழர் வீடுகள் எல்லாவற்றிலும் இருக்கிற வழக்கம்தானே, நானும் கேள்வி கேட்காமல் பிடித்துக்கொண்டேன். இந்த ஒரு சொல்லால் என் மகளோடு எத்தனை வருடம் மல்லுக்கட்டினேன் என்று நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது. அப்போது வரவில்லை.

மகளுக்கு ஆட்டிசம். நாலு வயதில் டாக்டர் சொன்னார். சின்ன வயதில் எல்லாரும் ‘பாவம், குழந்தை’ என்று தூக்கிக் கொஞ்சினார்கள். பன்னிரண்டு, பதிமூன்று வயதானதும் அந்தக் கொஞ்சல் நின்றுபோனது. உயரமாக வளர்ந்த பெண் காதைப் பொத்திக்கொண்டு நடுக்கடையில் உட்கார்ந்தால் யாருக்குக் கொஞ்சத் தோன்றும்? பெரியவளானபோது, மாதவிலக்கு நாளில் என்னென்ன செய்ய வேண்டும் என்று ஒரே அட்டையில் ஒன்பது படம் வரைந்து குளியலறைக் கதவில் தொங்கவிட்டேன். விருந்தாளி வந்தால் வெட்கப்பட்டு அதைத் திருப்பி வைப்பேன். அவள் உடனே நேராக்கி வைப்பாள். கடைசியில் நானும் விட்டுவிட்டேன். வந்தவர்களும் பார்க்கட்டுமே, என் பிள்ளை தன் வேலையைத் தானே செய்துகொள்கிறாள், அதில் எனக்கு என்ன கேவலம்?

வார்த்தையில்தான் எங்களுக்குச் சண்டை. அவளுக்குச் சொன்னால் சொன்னதுதான். எங்கள் வீடு ஜொகூரில், செனாய் விமான நிலையத்துக்குப் பக்கம். எந்த விமானம் எத்தனை மணிக்கு வரும் என்று அவளுக்கு மனப்பாடம். ஒன்று தாமதமானால் வானத்தைப் பார்த்து, “சொன்ன மாதிரி வரல,” என்று திட்டுவாள். நானோ வீட்டில் ரவிக்கை தைத்துக் கொடுப்பவள். தையல்காரி ‘நாளைக்கு ரெடி’ என்றால் அடுத்த வாரம் என்று அர்த்தம், அது ஊருக்கே தெரியும். என் மகளுக்குத் தெரியாது. “நாளைக்கு வந்து எடுத்துக்கங்க,” என்று நான் சொல்லி வாய் மூடவில்லை, பின்னாலிருந்து குரல் வரும்: “நாளைக்கு ரெடியாவாது. அம்மா இன்னும் துணியே வெட்டல.” எத்தனை முறை என் மானம் இப்படிக் கப்பலேறியிருக்கிறது!

அவளுக்குப் பதிமூன்று வயதிருக்கும்போது ஒருமுறை, காஹாங் ஊரிலிருந்து என் நாத்தனார் குடும்பத்தோடு வந்திருந்தார். சாப்பிட்டுப் பேசி முடித்து, “அப்ப நாங்க வரோம்,” என்று சொல்லிக் கிளம்பினார்கள். நான் பாத்திரம் கழுவிவிட்டு வந்து பார்த்தால், மேசையில் ஐந்து தேநீர்க் குவளைகள் வரிசையாக இருக்கின்றன. மகள் வெளிக் கதவைத் திறந்துவைத்து அங்கேயே நிற்கிறாள்.

“என்னம்மா பண்றே?”

“அத்தை வரோம்னு சொன்னாங்க.”

எவ்வளவு சொல்லியும் உள்ளே வரவில்லை. இருட்டிய பிறகும் வராதவர்களுக்காகத் தன் கன்னத்தில் தானே அறைந்துகொண்டாள். அதைப் பார்க்கச் சகிக்காமல் நானும் ஓர் அறை விட்டேன். அந்தப் பாவத்தை மறைக்க நான் விரும்பவில்லை.

அதற்குப் பிறகு அவள் அதைத் தன் வழியில் சரிசெய்துகொண்டாள். யாராவது கிளம்பும்போது ‘வரேன்’ என்றால் உடனே திருத்துவாள்: “இல்ல, நீங்க போறீங்க.” என் கணவர் சிங்கப்பூரில் வேலை செய்கிறார், தினமும் மோட்டாரில் பாலம் கடந்து போய் வருகிறவர். அவர் வண்டியை எடுக்கும்போது வாசலில் நின்று சத்தமாக, “அப்பா போறாங்க!” என்பாள். நான் தையலை விட்டுவிட்டு வாசலுக்கு ஓடுவேன். அந்தச் சாலையில் தினம் எத்தனை விபத்து!

“வாயக் கழுவு! அப்பா போயிட்டு வராங்கன்னு சொல்லு!”

“இப்ப போறாங்க. ஏழு மணிக்கு வருவாங்க.”

அவர் ஹெல்மெட்டுக்குள் சிரித்துக்கொண்டே, “அவ சொல்றது சரிதானே லா,” என்பார். அவருக்கு என்ன, வீட்டில் உட்கார்ந்து வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொள்கிறவள் நான்தானே.

பத்தொன்பது வயதில் பள்ளியின் சிறப்பு வகுப்பு முடிந்தது. அதுவரை காலையில் பள்ளி வேன் வரும், மதியம் கொண்டுவந்து விடும். அடுத்த நாளிலிருந்து ஒன்றுமில்லை. பள்ளிச் சீருடையைப் போட்டுக்கொண்டு பதினோரு நாள் வாசலில் நின்றாள். அந்தப் பதினோரு நாளும் எனக்குத் தோன்றியது ஒன்றுதான்: நான் இருக்கும் வரை சரி, நான் போன பிறகு இவள் யாருக்காக எந்த வாசலில் நிற்பாள்? இதைவிடப் பெரிய பயம் எனக்கு எதுவும் இருந்ததில்லை. இந்த ஒன்று போதும், மனுஷியைத் தூங்க விடாது.

அவளுடைய பழைய ஆசிரியை, நல்ல மனம் படைத்த மலாய்க்காரப் பெண், ஒரு வேலை பார்த்துக் கொடுத்தார். ஹோட்டல் துணிகளைத் துவைத்து அனுப்பும் பெரிய டோபி ஒன்று எங்கள் ஊர்த் தொழிற்பேட்டையில் இருக்கிறது. அங்கே துண்டு மடிக்கும் வேலை. மூன்று மாதம் பார்ப்போம், சரிவந்தால் வைத்துக்கொள்வோம் என்றார் மேனேஜர். மடிக்கும் பகுதிக்குச் சூப்பர்வைசராக இருந்தவர் ஒரு தமிழ்ப் பெண். என்னைவிடப் பத்து வயது இளையவர். வாய் மட்டும் எனக்குச் சமம்.

அவரிடம் நான் இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தேன். பின்னாலிருந்து தொடக் கூடாது. கத்திக் கூப்பிடக் கூடாது. சோற்றில் குழம்பு ஊற்றக் கூடாது, தனியாக வைக்க வேண்டும். பாப்பாவுக்கு இது பிடிக்காது, பாப்பாவுக்கு அது ஆகாது.

வாசித்து முடித்து என்னை மேலும் கீழும் பார்த்தார். “அக்கா, பாப்பா யாரு?”

“எம் மவதான்.”

“அலமாக்! பத்தொம்பது வயசுப் பொண்ணு அக்கா. இங்க பாப்பா கீப்பா எல்லாம் கிடையாது, பேர் சொல்லித்தான் கூப்பிடுவோம்.”

எனக்குச் சுருக்கென்றது. யாருடி நீ என் பிள்ளையைப் பற்றி எனக்கே சொல்ல என்று நாக்கு நுனிவரை வந்தது. நல்லவேளை, விழுங்கிவிட்டேன்.

மகள் துண்டை மடித்தால் ஓரம் ஓரத்தோடு நிற்கும். கடுகளவு கறை இருந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவாள். ஆறாவது வாரம் வரை குறையே இல்லை. அந்த வாரம் ஒருநாள் மதியம் சூப்பர்வைசரின் மகனுக்குக் காய்ச்சல் என்று பள்ளியிலிருந்து அழைத்திருக்கிறார்கள். அவர் அவசரமாகப் பையை எடுத்துக்கொண்டு என் மகளைத் தாண்டும்போது, எல்லாத் தமிழரையும் போல, “வரேம்மா,” என்று சொல்லிவிட்டு, அவள் திருத்துவதற்குள் போய்விட்டார்.

ஐந்து மணிக்கு வேலை முடிந்தது. எல்லாரும் டோபியின் வேனில் ஏறினார்கள். என் மகள் ஏறவில்லை. லாரிக்குத் துணி ஏற்றும் வாசலில் போய் நின்றுகொண்டாள். டிரைவர் ஹாரன் அடித்தார். யாரோ நல்லெண்ணத்தில் கையைப் பிடித்து இழுத்தார்கள். அவ்வளவுதான், அவள் போட்ட கூச்சலில் மெஷின் சத்தமே கேட்கவில்லையாம். தன் கையைத் தானே கடித்துக்கொண்டாள். அடுக்கியிருந்த துண்டுகள் சரிந்து மழைத் தண்ணீரில் விழுந்தன.

எனக்கு அழைப்பு வந்ததும் மழையில் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ஓடினேன். போனதும் டிரைவரைத் திட்டினேன், இழுத்தவரைத் திட்டினேன், வழியில் நின்ற காவலாளியையும் ஒரு வாங்கு வாங்கினேன். மேனேஜர் பொறுமையாக நின்று கேட்டுவிட்டு, “ஆன்ட்டி, இது சரிவராது லா,” என்றார். நான் அவளைக் கூட்டிக்கொண்டு கிளம்பப் பார்த்தேன்.

மகள் மட்டும் அந்த இடத்தைவிட்டு அசையவில்லை. “சூப்பர்வைசர் வரேன்னு சொன்னாங்க. இன்னும் வரல.”

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. குழம்புவரைக்கும் எழுதிய அந்த இரண்டு பக்கத்தில் இந்தச் சொல் இல்லை. ஏன் எழுதவில்லை? மற்றதெல்லாம் அவளுடைய தேவை, இது மட்டும் அவளுடைய பிழை, என்றைக்காவது திருந்திவிடுவாள் என்று நான் நினைத்திருந்ததால்தான்.

“அது சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்றதும்மா.”

“சும்மா சொன்னா பொய்.”

சூப்பர்வைசருக்குப் போன் போட்டேன். விஷயத்தைச் சொன்னேன். “இருங்க அக்கா, வந்துடறேன்,” என்று அவர் வைத்துவிட்டார். காய்ச்சல் பிள்ளையைத் தன் அம்மாவிடம் விட்டுவிட்டு, ஆறரை மணிக்கு மழையில் தொப்பலாக நனைந்து மோட்டாரில் வந்து இறங்கினார். ஹெல்மெட்டைக் கூடக் கழற்றாமல் மகளின் முன்னால் வந்து நின்றார்.

“வந்துட்டேன்.”

மகள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். “லேட்,” என்றாள். பிறகு பையை மாட்டிக்கொண்டு என் ஸ்கூட்டரை நோக்கி நடந்தாள். அவ்வளவுதான், முடிந்துவிட்டது. நான்தான் அந்த வாசலில் நின்று ஓவென்று அழுதேன்.

சூப்பர்வைசர் மேனேஜரிடம் போய், தப்பு தன்மேல்தான் என்றார். பொய் சொன்னது நான், தண்டனை அந்தப் பெண்ணுக்கா என்று கேட்டாராம். மறுநாளிலிருந்து அந்தப் பகுதியில் ஒரு புதிய வழக்கம் வந்தது. யார் கிளம்பினாலும் ‘வரேன்’ இல்லை. போகிறேன், நாளைக்கு எட்டு மணி. அவ்வளவுதான். மலாய்க்காரப் பெண்களும் நேப்பாளத்துப் பையன்களும் அதையே மலாயில், “பாலிக் டூலு, எசோக் ஜாம் லாப்பான்,” என்று அவளிடம் நின்று சொல்லிவிட்டுத்தான் வேன் ஏறுவார்கள். எட்டு மணி என்றால் எட்டு மணிக்கு வர வேண்டியிருந்ததால், அந்தப் பகுதியில் தாமதமாக வருகிறவர்களே இல்லாமல் போனார்கள் என்று மேனேஜர் பிறகு சிரித்துக்கொண்டே சொன்னார். மூன்று மாதம் முடிந்ததும் அவளை வைத்துக்கொண்டார்கள். வேலைக்குச் சேர்ந்து இப்போது நாலாவது வருடம்.

நான் மட்டும் வீட்டில் பழைய வழக்கத்தை விடவில்லை. ‘போறேன்’ என்று என் வாயால் எப்படிச் சொல்வது? நேரத்தை மட்டும் சேர்த்துக்கொண்டேன்: “கடைக்குப் போயிட்டு வரேன், பதினோரு மணி.” பதினொன்றுக்குள் வந்துவிடுவேன். ரவிக்கைகளும் இப்போது சொன்ன நாளில் ரெடியாகின்றன. வாடிக்கையாளர்கள்தான் ஆச்சரியப்படுகிறார்கள்.

போன மாதம் எனக்குக் கர்ப்பப்பையில் கட்டி என்று அறுவை சிகிச்சைக்கு ஜொகூர் பாருவில் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். சேர்ந்த அன்று சாயங்காலம் கணவரும் மகளும் கட்டிலருகில் நின்றார்கள். பார்வையாளர் நேரம் முடியப்போகிறது. மகள் நேராக என்னைக் கேட்டாள்.

“அம்மா வீட்டுக்கு எத்தன மணி?”

டாக்டர் நாலு நாள் என்றார், ஒரு வாரமும் ஆகலாம் என்றார், திறந்து பார்த்தால்தான் தெரியும் என்றும் சொல்லியிருந்தார். இத்தனை வருடத்தில் முதல் தடவையாக அவளிடம் கொடுக்க என்னிடம் நேரம் இல்லை. பொய் சொல்லலாமா என்று ஒரு நொடி நினைத்தேன். கன்னத்தில் அறைந்துகொண்டு வாசலில் நின்ற அந்தப் பதிமூன்று வயதுப் பெண் கண் முன்னால் வந்தாள்.

“தெரியலம்மா,” என்றேன். “அம்மாவுக்கு நெசமாவே தெரியல.”

இதோ ஆரம்பிக்கப்போகிறது என்று கணவர் அவள் பக்கம் நகர்ந்தார். அவள் விரலை விரலோடு தட்டிக்கொண்டாள்.

“அம்மாவுக்குத் தெரியாது. அப்ப நான் வரேன். நாளைக்கு ஆறு மணி.”

தன்னைப் பற்றி ‘வரேன்’ என்று அவள் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

மறுநாள் காலையில் அறுவை நடந்தது. மயக்கம் தெளிந்து வார்டுக்குக் கொண்டுவந்தபோது மதியம் தாண்டிவிட்டது. கணவர் பக்கத்தில் இருந்தார். நல்ல மழை. செனாயிலிருந்து வரும் சாலை அந்த நேரத்தில் எப்படி அடைத்துக்கொள்ளும் என்று எனக்குத் தெரியும். வேலை முடிந்து சூப்பர்வைசர்தான் அவளைக் கூட்டிவர வேண்டும். நான் சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்தரை. ஐந்து நாற்பது. ஐந்து ஐம்பது. வருவாளா என்ற சந்தேகம் எனக்கு இல்லை. ஆனால் ஒரு சொல்லை நம்பி வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பது என்றால் என்ன என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. என் பிள்ளை இதைத்தானே செய்துகொண்டிருந்தாள், எல்லாருக்காகவும், இத்தனை வருடமாக.

ஆறு மணி. கதவு திறந்தது. அவள் வந்தாள். பின்னாலேயே சூப்பர்வைசர், முகமெல்லாம் சிரிப்பு.

“அக்கா, பத்து நிமிஷமா கதவுக்கு வெளிய நிக்கறோம்! உள்ள போலாம் வாம்மான்னா வரமாட்டேங்கறா. ஆறு மணின்னு சொல்லிட்டாளாம் லா!”

சிரித்தால் தையல் பிரிந்துவிடுமோ என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டேன். “விடுங்க அக்கா,” என்றார் அவர். “நீங்க வர லேட்டானாலும் அவ வருவா. இனிமே பயப்படாதீங்க.” நான் அவரிடம் என் பயத்தைச் சொன்னதே இல்லை.

மணி அடித்தது. பார்வையாளர்கள் கிளம்பினார்கள். மகள் பையை மாட்டிக்கொண்டு கட்டிலருகே வந்து நேராக நின்றாள்.

“போறேன். நாளைக்கு ஆறு மணி.”

வழக்கப்படி நான், ‘அப்படிச் சொல்லாதே, வாயக் கழுவு’ என்று சொல்லியிருக்க வேண்டும். அன்று சொல்லத் தோன்றவில்லை.

“போம்மா,” என்றேன்.